மலை விழாக்களில் கைவேலைப் பொருள்: எங்கே போகலாம், எப்போது போகலாம்?

தல்லாகுளத்தான்

வணக்கம் மக்களே. வருடா வருடம் மே மாதம் கோடைக்கானல் போய், ஏரியைச் சுற்றி, சோளக்கருது தின்று, சாக்லெட் வாங்கிக்கொண்டு இறங்குவது எனக்கே அலுத்துவிட்டது. இந்த வருடம் வீட்டம்மாவும் அவங்க அம்மாவும் ஒரே பிடிவாதம். மலைப் பக்கம் சீசனில் விழா நடத்துகிறார்களே, அங்கே கைவேலைப் பொருள் செய்கிறவர்களையே நேரில் பார்க்கிற மாதிரி ஒரு இடம் சொல்லு என்கிறார்கள். அத்தை ஒயர் கூடை பின்னுகிறவர், எந்தக் கடைக்குப் போனாலும் பொருளைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். சும்மா ஒரு பொருட்காட்சிக்குக் கூட்டிப் போய் ஏமாற்ற முடியாது. கோடையா, ஊட்டியா, கொல்லிமலையா? காரில் போகலாமா, பஸ்ஸா? மதுரையிலிருந்து கிளம்பிப் போனவர்கள் சொன்னால் நல்லது.

மேலமாசி மாப்பிள்ளை

எதுக்கு அண்ணே அவ்வளவு தூரம், நம்ம ஊரிலேயே சித்திரைப் பொருட்காட்சி போடுவாங்க, டெல்லி அப்பளத்தை வாங்கி அத்தை கையில் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டாங்க. திருப்பிப் போட்டாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆரப்பாளையம் அண்ணன்

மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது. கோடை விழா என்று போனால் பாதிக்கு மேல் பொருட்காட்சிதான். பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, படகு அலங்காரம், நாய்க் கண்காட்சி, சாயங்காலம் மேடையில் கரகம், ஒயிலாட்டம், பறை, பரதம் இதெல்லாம் இருக்கும். பூ பார்க்கப் போகிறவருக்குக் குறையே இல்லை. 1908இல் போட்ட பூங்கா, இருபது ஏக்கருக்குச் சற்று மேல், மே மாதத்துக்காக மாதக்கணக்கில் நாற்று விட்டு வளர்க்கிறார்கள், அந்த உழைப்பே ஒரு கைவேலைதான் என்பது என் கட்சி.

ஆனால் கைவேலைப் பொருள் என்று தேடினால் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் போடுகிற சில ஸ்டால்கள்தான். அதிலும் உட்கார்ந்து செய்து காட்டுகிறவர் அபூர்வம். ரோட்டோரக் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டரும் குல்லாவும் மலையில் பின்னியதில்லை, லூதியானாவிலிருந்து மூட்டையாக ஏறி வருபவை. அந்த மரச் சாவிக்கொத்தில் பெயர் எழுதித் தருவார்களே, அதே சாவிக்கொத்து ராமேஸ்வரத்திலும் இருக்கும் கன்னியாகுமரியிலும் இருக்கும்.

உண்மையிலேயே அந்த மலைக்குச் சொந்தமான சரக்கு வேண்டுமென்றால் பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்கிற சான்று) கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வீட்டுக்குள் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்திருப்பார்கள், கதவைத் திறந்தாலே காரம் மூக்கில் ஏறும். ஏரிப் பக்கம் வாங்காமல் பூம்பாறை வரை போய் வாங்குங்கள். கைவினைப் பொருள் இல்லைதான், ஆனால் அத்தைக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கார் என்றால் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கோடைக்கும் கட்டாயம், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும் முன்பே செக்போஸ்டில் கேட்பார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வேண்டாம். ஆரப்பாளையத்தில் காலையில் சீக்கிரம் ஏறி உட்கார்ந்தால் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகலாம், மே மாத சனி ஞாயிறில் மட்டும் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கு முன்னாலேயே வண்டி நின்றுவிடும். நின்றால் நின்றதுதான், டிரைவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கோத்தகிரி மருமகள்

பிறந்தது செல்லூர், வாழ்க்கைப்பட்டது கோத்தகிரி, அதனால் இரண்டு பக்கமும் பேச எனக்கு உரிமை உண்டு. நீலகிரியில் மே மாதம் ஒரே விழா இல்லை அண்ணா, ஒன்று முடிந்தால் இன்னொன்று. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி முதலில் வரும், கூடலூரில் வாசனைப் பயிர்கள், ஊட்டி ரோஜாப் பூங்காவில் ரோஜா, அப்புறம் தாவரவியல் பூங்காவில் பெரிய மலர்க் கண்காட்சி, மே கடைசி வாக்கில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. ஊட்டி மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது, 2025இல் 127ஆவது நடந்தது. எல்லாரும் அதற்கே வருவதால் ஊரே திணறும். கூட்டம் வேண்டாமென்றால் கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வாங்க. சுரைக்காயிலும் பூசணியிலும் பொம்மை செதுக்கி வைத்திருப்பார்கள், குழந்தைகள் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், யாரும் இடித்துத் தள்ள மாட்டார்கள்.

கைவேலைக்கு வருவோம். தோடர் பழங்குடியினரின் பூவேலைதான் இங்கே முதலில் பார்க்க வேண்டியது. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, அதில் சிவப்பும் கறுப்பும் மட்டுமே நூல். துணியில் பென்சிலால் ஒரு கோடுகூடப் போட மாட்டார்கள். பாவு நூலையும் ஊடு நூலையும் விரல் நுனியால் எண்ணி எண்ணி ஊசி விடுவார்கள், ஒரு நூல் தவறினாலும் கோலம் மொத்தமும் கோணிவிடும். பின்பக்கமிருந்து தைத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு வரிசைத் திருப்பத்திலும் நூலைக் கொஞ்சம் தொங்கலாக விடுவார்கள், அதனால் பூவேலை மேலெழும்பி, கையை வைத்தால் மேடு மேடாகத் தட்டுப்படும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே மெஷின் வேலை எது கைவேலை எது என்று சொல்லிவிடலாம். உங்கள் அத்தை திருப்பிப் பார்ப்பவர் என்றீர்கள் பாருங்கள், சரியான ஆள். இதில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும் சுத்தமாக இருக்க வேண்டும், நூல் முடிச்சு தெரியக் கூடாது. பூத்துக்குளி என்று அவர்கள் போர்த்துகிற முழுச் சால்வை முடிய மாதக்கணக்காகும், விலையும் அதற்கேற்ப இருக்கும், முறைக்காதீர்கள். சின்னப் பர்ஸ், மேசை விரிப்பு என்று கையடக்கமாகவும் செய்கிறார்கள். 2013இல் இதற்கும் புவிசார் குறியீடு வந்தாச்சு.

கண்காட்சிக் கூட்டத்தில் தோடர் டிசைன் அச்சடித்த துணியும் விற்கும், மெஷின் எம்பிராய்டரியும் விற்கும். யார் செய்தது, எந்த மந்து (தோடர் குடியிருப்பு) என்று கேளுங்கள். தைத்தவர் ஸ்டாலில் உட்கார்ந்திருந்தால் கையில் ஊசியோடுதான் இருப்பார், கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டுவார்.

குறும்பர் பழங்குடியினரின் ஓவியமும் பாருங்கள். கோத்தகிரிக்குக் கீழே வெள்ளரிக்கொம்பை என்ற ஊர்ப் பக்கத்துப் பழக்கம், வேங்கை மரத்துப் பிசினையும் இலைச் சாற்றையும் வைத்துத் தீட்டுவார்கள். மனிதர்கள் எல்லாம் கோடும் முக்கோணமுமாக இருப்பார்கள், தேன் எடுக்கிற காட்சி அடிக்கடி வரும். கோத்தகிரியில் லாஸ்ட் ஃபாரஸ்ட் கடையில் தேனும் மெழுகும் மற்ற மலைச் சரக்கும் வருடம் முழுக்கக் கிடைக்கும், விழாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடிக் குச்சியை வேகவைத்து வளைத்து ஆளுயர யானை செய்கிறார்கள், வாங்கி வீட்டுக்குக் கொண்டுவர முடியாது, ஆனால் காட்டை மூடி நாசமாக்குகிற ஒரு களைக்கு அப்படி ஒரு உபயோகம் என்பதற்காகவே பார்க்கலாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மந்துக்குள்ளேயோ கோத்தர் பழங்குடியினரின் ஊருக்குள்ளேயோ போனைத் தூக்கிக்கொண்டு நேராக நுழைந்துவிடாதீர்கள். அது அவர்கள் வீடு. கோவில் பக்கம் போகக் கூடாத இடம் உண்டு, பெண்களுக்குத் தனிக் கட்டுப்பாடும் உண்டு, தெரிந்தவர் யாராவது கூட்டிப் போனால் மட்டும் போங்க.

மேலமாசி மாப்பிள்ளை

அக்கா, இவ்வளவு சொன்னீங்க, பேரம் பேசலாமா இல்லையா? அதைச் சொல்லலையே.

சுங்குடி அக்கா

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிற ஆள் நான். மலை விழாக்களில் சுங்குடிச் சேலைக் கடை போட்டிருக்கிறேன், துணியில் முடிச்சு முடிச்சாகக் கட்டிச் சாயம் ஏற்றுகிற சேலை. சரக்கை மூட்டை கட்டி ஏற்றணும், ஸ்டாலுக்கு வாடகை, தங்க அறை மே மாதம் என்ன விலை விற்கும் என்று உங்களுக்கே தெரியும். இதெல்லாம் போகத்தான் லாபம். அங்கே வந்து நின்று, ஐந்நூறு ரூபாய்க்கு சாக்லெட்டை வாய் பேசாமல் வாங்கியவர், சேலைக்கு வந்ததும் பாதி விலைக்குக் கேட்பார். கையால் முடிச்சுப் போட்டதா என்று மட்டும் கேட்க மாட்டார்.

சொல்லிவிடுகிறேன், மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே குறியீடு வந்துவிட்டது, ஆனால் கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் ரொம்பப் பங்கு மெழுகு அச்சு, இல்லாவிட்டால் ஸ்கிரீன் அச்சு. கையால் கட்டியதில் புள்ளி வட்டமாக அளவெடுத்த மாதிரி இருக்காது. ஒன்று பெரிசு ஒன்று சிறிசு, நடுவில் நூல் கட்டின இடம் சொட்டு போல் தெரியும், துணி அங்கங்கே லேசாகச் சுருங்கி நிற்கும். புதுச் சேலையை அந்தச் சுருக்கத்தோடு காட்டினால் "இஸ்திரி போடலையா" என்று கேட்கிறார்கள், என்னத்தைச் சொல்ல. எங்கள் சௌராஷ்டிரப் பாட்டிகள் ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டவர்கள், இப்போது கட்டத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஒரு விழாவில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் கழிவறைக்குப் பக்கத்துச் சந்து, முன்வரிசை முழுக்க பிளாஸ்டிக் பொம்மைக் கடைகள். கேட்டால் அவர்கள் வாடகை அதிகம் தருகிறார்கள் என்றார் பொறுப்பில் இருந்தவர். அதனால் தம்பி, நீங்கள் போனால் முன்வரிசையோடு திரும்பாதீர்கள், கடைசி வரிசை வரைக்கும் நடங்கள். பேரம் பேசலாம், இரண்டு மூன்று வாங்கினால் குறைத்தே தருவோம். பாதி விலைக்குக் கேட்காதீர்கள், அவ்வளவுதான்.

தல்லாகுளத்தான்

அக்கா, அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு கடை எங்கேன்னு கேளு"ன்னு சொன்னாங்க.

விளாச்சேரிப் பேரன்

எல்லாரும் எங்கே போவது என்று பேசுகிறீர்கள், நான் எப்போது என்பதைப் பற்றிச் சொல்ல வந்தேன். மதுரைப் பக்கத்து விளாச்சேரியில் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கொலுப் பொம்மை செய்வதுதான் வேலை. ஒரு தடவை மலை விழாவுக்குக் கூப்பிட்டார்கள், அப்பா போனார், நானும் போனேன். காகிதக்கூழ்ப் பொம்மையைக் கொண்டுபோய் வைத்தோம், கல்யாண செட்டும் தசாவதாரமும். முதல் நாள் சாயங்காலம் பனிமூட்டம் இறங்கி ஸ்டாலுக்குள்ளேயே வந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் பெருமாள் மூக்கு ஊறி மெத்தென்று இருக்கிறது, பெயின்ட் கொப்புளம் கட்டியிருக்கிறது. அப்பா கரியடுப்புப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் காய வைத்தார், பார்க்கிறவர்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

விஷயம் என்னவென்றால், மே மாதம் எங்களுக்கு விற்கிற காலமே கிடையாது. வெயில் அடிக்கிறபோதுதான் அச்சில் வார்த்து, காயவைத்து, சூளை வைக்க முடியும். கண்மாய் மண் எடுத்துக் குழைப்பதும் அப்போதுதான். ஆனி ஆடிக்கு மேல் வெள்ளை அடித்து வர்ணம், அப்புறம் பிள்ளையார் சதுர்த்தி, நவராத்திரி, அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில். வேலை நடக்கிற மாதத்தில் செய்கிறவனைத் தூக்கிக்கொண்டு போய் மலைமேல் உட்கார வைத்தால் அந்த வருடத்துக் கொலுவுக்குச் சரக்கு குறையும். எங்களைப் போல எல்லாக் கைவேலைக்கும் அதற்கென்று ஒரு மாதம் இருக்கிறது. விழா நடத்துகிறவர்கள் பள்ளிக்கூட லீவைப் பார்த்துத் தேதி வைக்கிறார்கள், அதனால் ஸ்டாலில் செய்கிறவன் இருக்க மாட்டான், வாங்கி விற்கிறவன் இருப்பான். செய்கிறவனைப் பார்க்க வேண்டுமென்றால் அவன் வேலை செய்கிற மாதத்தில் அவன் ஊருக்கு வாங்க.

ஆரப்பாளையம் அண்ணன்

பேரன் சொல்வது நியாயம். இதைத்தான் நானும் நினைத்தேன், இவ்வளவு கோர்வையாக வரவில்லை. அப்படியென்றால் விழாவுக்கே போக வேண்டாமா?

சுங்குடி அக்கா

அண்ணே, அப்படி முடித்துவிடாதீர்கள்! வேண்டாம் என்று எல்லாரும் வீட்டில் இருந்துவிட்டால் எங்களுக்கு வருமானம்? சேலைக்குப் பனி ஒன்றும் செய்யாது, மே மாதம் எனக்கு நல்ல மாதம்தான். பொம்மைக்காரர் கணக்கு வேறு, எங்கள் கணக்கு வேறு. விழாவில் வாங்குங்கள், கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் வீடு தேடி வாங்க. போன வருடம் கோடைக்கானலில் கார்டு வாங்கிப்போன ஒரு அம்மா ஆவணியில் கல்யாணத்துக்கு மொத்தமாக எடுத்தார்கள். வெறுமனே வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மா என்னை எங்கே கண்டுபிடிப்பார்?

கோத்தகிரி மருமகள்

இங்கேயும் அப்படித்தான். மே மாதத்தில் வரும் காசை வைத்துத்தான் பல வீடுகளில் மழைக்காலம் ஓடும். விளாச்சேரித் தம்பி சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மே மாதம் கூட்டத்தில் ஒரு சால்வையை விரித்துக் காட்டக்கூட இடம் இருக்காது. ஆகஸ்ட், செப்டம்பரில் வந்தால் டீ குடித்துக்கொண்டே அரை நாள் பேசலாம். மழைக்கு மட்டும் குடை, ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை ஏறும், பயப்படாதீங்க.

பைக் பாண்டி

ஆகஸ்ட் என்றால் கொல்லிமலையை விட்டுவிட்டீர்களே. வல்வில் ஓரி விழா, ஆடி 17, 18, அதாவது ஆகஸ்ட் 2, 3 வாக்கில், செம்மேட்டில் அரசு விழாவாக நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனுக்கு விழா எடுக்கிற ஊர், அதற்காகவே போகலாம். அவன் வில்லாளி அல்லவா, அதனால் வில்வித்தைப் போட்டியே வைக்கிறார்கள், மலர்க் கண்காட்சியும் உண்டு. ஆடிப்பெருக்கு அன்று அறப்பளீஸ்வரர் கோவிலில் கூட்டம் நெரியும்.

கைவேலை என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மிளகு, காப்பி, சாமை, கேழ்வரகு, தேன், பலா இதெல்லாம்தான் மலையாளி என்கிற பழங்குடி மக்கள் (கேரளத்தவர் இல்லை) கொண்டுவந்து வைப்பது. ஆனால் விற்கிறவரே விளைவித்தவர், அங்கே இடைத்தரகர் கொஞ்சம் குறைவு. காரவள்ளியிலிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. பைக்கில் போனால் சொர்க்கம். அத்தையைக் காரில் கூட்டிப் போவதானால் இருபதாவது வளைவில் வண்டியை நிறுத்தி எலுமிச்சம்பழம் கொடுத்துவிடுங்கள். ஆரப்பாளையத்தில் சேலம் பஸ் ஏறி நாமக்கல்லில் இறங்கினால் அங்கிருந்து மலைக்கு பஸ் இருக்கிறது.

ஏற்காட்டுக் கோடை விழாவும் மே மாதம்தான், கோடைக்கானல் மாதிரியே, சின்ன அளவில். அதற்காக மதுரையிலிருந்து கிளம்புவது வீண்.

வடக்குவாசல்

லீவும் காசும் இருக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நம்ம ஊரில் விஜயதசமியோடு கொலுவைக் கலைத்துப் பரணில் ஏற்றுவோம், குலுவில் அன்றைக்குத்தான் தசரா தொடங்கும். இமாசலத்தில் தால்பூர் மைதானம், ஏழு நாள், ரகுநாதர் தேர் இழுத்துத் தொடங்குவார்கள், சுற்றுப்பட்ட மலைக் கிராமத்துத் தெய்வங்களெல்லாம் பல்லக்கில் வந்து மைதானத்தில் கூடாரம் போட்டுத் தங்கும். நம்ம அழகர் ஆற்றில் இறங்கும்போது மண்டகப்படி மண்டகப்படியாக நிற்பாரே, அதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

அந்த ஏழு நாளும் அதற்குப் பிறகும் மைதானத்தில் சந்தை. குலு சால்வையில் பூவேலை முழுக்கவும் இருக்காது, ஓரத்தில் மட்டும் பட்டைப் பட்டையாகத் தறியிலேயே நெய்து ஏற்றுவார்கள், நடுவில் ஒரே நிறம். அங்கேயும் சமவெளி மில் சால்வை கலந்துதான் விற்கிறது, அதனால் சந்தையில் விலை கேட்டுவிட்டு 'புட்டிக்கோ' போன்ற நெசவாளர் கூட்டுறவுக் கடையிலும் பார்த்துவிட்டு வாங்குங்கள், அது 1944இலிருந்து இருக்கிறது. மலை அறுவடை முடிந்து, குளிர் ஏறும் முன்பு, சனம் கையில் காசோடு இறங்கி வருகிற நேரத்தில் விழா. விளாச்சேரித் தம்பி சொன்ன கணக்கு அங்கே பொருந்தி வருகிறது, விழாவையே ஊர்க்காரர்கள் தங்களுக்காக நடத்துகிறார்கள், நாம் போய் ஓரமாக நின்று பார்க்கிறோம்.

நாகாலாந்தில் இருவாச்சி (ஹார்ன்பில்) திருவிழா, டிசம்பர் 1 முதல் 10 வரை, கோஹிமாவுக்குப் பக்கத்தில் கிசாமா. அது 2000இல் சுற்றுலாவுக்காகவே தொடங்கியது என்றாலும் ஒவ்வொரு பழங்குடிக்கும் தனித்தனியாக மொருங் என்கிற மரபு வீடு கட்டி, நெசவும் கூடையும் அங்கேயே நடக்கும். மூங்கில் கூடை பின்னுவதைப் பார்த்தால் தல்லாகுளத்தார் அத்தை திரும்பி வர மாட்டார். நுழைவு அனுமதி முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

மேலமாசி மாப்பிள்ளை

தல்லாகுளத்தார் அண்ணே, நாகாலாந்து வழி உங்களுக்கு ரொம்ப வசதி போலத் தெரியுது.

தல்லாகுளத்தான்

மாப்ள, இதையும் அவங்களே வாசிக்கிறாங்க, பார்த்துப் பேசு.

வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ணியாச்சு. மே கடைசியில் குன்னூர் பழக் கண்காட்சி, அங்கிருந்து கோத்தகிரி, ஊட்டிக்குள் தலை காட்டுவதாக இல்லை. கொல்லிமலை ஆடியில் நான் மட்டும், பைக்கில். குலு அடுத்த வருடம் பார்க்கலாம். அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே விளாச்சேரி போகணும்னு அத்தை நிற்கிறாங்க. பேரன் தம்பி, வந்தால் வேலை நடக்குமா, இல்லை ஞாயிறு லீவா?

விளாச்சேரிப் பேரன்

வெயில் அடிக்கிற நாளில் எங்களுக்கு ஞாயிறு கிடையாது அண்ணே. காலை பத்து மணிக்குள் வந்தால் அச்சிலிருந்து பொம்மை எடுப்பதைப் பார்க்கலாம், மத்தியானத்துக்கு மேல் எல்லாம் காயப்போட்டுக் கிடக்கும், பார்க்க ஒன்றும் இருக்காது. பசுமலையில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். வர்ணம் அடிக்காத பச்சைப் பொம்மைதான் இப்போது இருக்கும், விலைக்கு வேண்டுமென்றால் ஆவணிக்கு மேல் வாங்க.

கோத்தகிரி மருமகள்

குன்னூருக்கு காரில் வருகிறீர்களென்றால் இ-பாஸோடு இன்னொன்று, தண்ணீருக்கு வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவந்துவிடுங்கள். ஒரு தடவை குடித்துப் போடுகிற பிளாஸ்டிக் பாட்டில் நீலகிரியில் தடை, செக்போஸ்டிலேயே பிடுங்கிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வரலாம் என்று நினைத்தால் மே மாத டிக்கெட் இப்போதே பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்திருக்கும். தீர்ந்திருந்தால் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஓடுகிற ரயிலில் ஒரு நடை போய் வாருங்கள், அதுவும் மலைதான். அத்தை என்ன அளவு கூடை பின்னுவாங்க? எனக்கு இரண்டு வேண்டும், வரும்போது கொண்டுவாங்க, காசு கொடுத்துவிடுகிறேன்.

தல்லாகுளத்தான்

கேட்டேன் அக்கா. நீலமும் மஞ்சளும் சேர்த்த சிவன் கண் கூடை இருக்காம், பேரம் பேசக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க.